புள்ளிராஜாவின் மனைவி

இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டுச் சுவர்களில் ஒரு கேள்வி இருந்தது: 'புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?' பெரிய பெரிய தட்டிகள். வேறு விவரம் கிடையாது. யார் இந்தப் புள்ளிராஜா, புதுப் படமா, கட்சிக்காரரா என்று ஊரே பேசிக்கொண்டது. மும்பையில் பல்பீர் பாஷா என்ற பெயரில் வந்த விளம்பரத்தின் தமிழ் வடிவம் அது. என் வயதுக்காரர்கள் பலருக்கு எய்ட்ஸ் என்ற சொல் அறிமுகமானதே அந்தத் தட்டிகளில்தான். திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்தில் பஸ்ஸுக்கு நிற்கும் பள்ளிப் பையன்கள் நாங்கள், பிடிக்காதவனையெல்லாம் புள்ளிராஜா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

விளம்பரம் என்ற அளவில் அது வெற்றிதான். வீட்டில் பேசவே முடியாத ஒரு விஷயத்தை டீக்கடைக்குக் கொண்டுவந்தது. ஆனால் இப்போது யோசித்தால் அந்தக் கேள்வியில் ஒரு ஆள் விடுபட்டுப்போனது தெரிகிறது. புள்ளிராஜாவுக்குக் கல்யாணம் ஆகியிருந்ததா? ஆகியிருந்தால் அவர் மனைவிக்கு எய்ட்ஸ் வருமா? வரும் என்றால், வராமல் இருக்க அந்த அம்மாள் என்ன செய்திருக்க முடியும்?

மூன்றாவது கேள்விக்கு அன்று பதில் இல்லை. இன்று மருத்துவத்திடம் பதில் இருக்கிறது. இருந்தும் அது அவர் கைக்குப் போய்ச்சேராது என்று எனக்குத் தோன்றுகிறது. ஏன் என்பதைத்தான் இங்கே யோசித்துப் பார்க்கிறேன்.

*

இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டறியப்பட்டது சென்னையில், 1986இல். மெட்ராஸ் மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலாவும், பாலியல் தொழில் செய்ததாகப் பிடித்து வைக்கப்பட்டிருந்த பெண்களின் ரத்தத்தைச் சோதித்தார்கள். அந்த இருவரின் துணிச்சல் பெரியது. ஆனால் நோய்க்கு நம் ஊரில் ஒரு முகவரியும் அன்றே எழுதப்பட்டுவிட்டது. அது 'அந்த மாதிரி' பெண்களின் நோய். பிறகு அந்த முகவரியில் லாரி ஓட்டுநர்கள் சேர்ந்தார்கள். திருச்சிக்குப் பக்கத்திலிருக்கும் நாமக்கல்லுக்குத் தேசிய அளவில் கெட்ட பெயர் வந்தது. கர்ப்பிணிகளில் நூற்றுக்கு ஒருவருக்கு மேல் தொற்று இருந்த ஆறு மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்றாக இருந்தது.

கர்ப்பிணிகள் என்ற சொல்லில் சற்று நிற்க வேண்டும். 1997இல் புனேயில் நடந்த ஓர் ஆய்வு, பால்வினை நோய் சிகிச்சைக்கு வந்த, பாலியல் தொழிலில் இல்லாத பெண்களில் ஏறக்குறைய 14 சதவீதம் பேருக்குத் தொற்று இருப்பதைச் சொன்னது. 2000இல் சுனிதி சாலமன் குழு தம்மிடம் சிகிச்சைக்கு வந்த, தொற்றுள்ள 134 பெண்களைப் பற்றி எழுதியது. அவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் வாழ்க்கையில் ஒரே ஓர் ஆணுடன் மட்டும் உறவு கொண்டவர்கள். கணவர்தான் அந்த ஆண். நாமக்கல் பகுதியைச் சேர்ந்த பி. கௌசல்யா, கல்யாணத்தின் வழியே தொற்றுக்கு ஆளாகி, 1998இல் சென்னையில் வேறு சில பெண்களோடு சேர்ந்து எச்.ஐ.வி. உள்ள பெண்களுக்கான கூட்டமைப்பைத் தொடங்கினார். இன்று இந்தியாவில் எச்.ஐ.வி.யோடு வாழும் சுமார் 25 லட்சம் பேரில் 44 சதவீதம் பேர் பெண்கள்.

இந்தப் பெண்களுக்கு நாம் கொடுத்திருந்த பாதுகாப்பு என்ன? மூன்று. கணவன் ஒழுங்காக இருப்பது, கணவன் ஆணுறை போடுவது, கணவன் போய்ச் சோதனை செய்துகொள்வது. மூன்றும் அவன் கையில். புள்ளிராஜா தட்டியும் அவனிடம்தான் பேசியது.

இதில் ஒரு முரண் உண்டு. பாலியல் தொழிலாளிகளைத் தேடித் திட்டங்கள் போயின. கொல்கத்தாவின் சோனாகாச்சியிலும் மைசூரிலும் அவர்களே சங்கம் வைத்தார்கள், ஆணுறை இல்லாமல் முடியாது என்று வாடிக்கையாளரிடம் சொல்லும் பலம் அவர்களுக்குக் கொஞ்சமாவது வந்தது. பிற்பாடு தடுப்பு மாத்திரை வந்தபோதும் அந்த இரண்டு ஊர்ச் சங்கங்களும்தான் சுமார் 1,300 பெண்களோடு அதை முதலில் முயன்று பார்த்தன. குடும்பப் பெண்ணுக்குச் சங்கம் கிடையாது. 'ஆபத்துக் குழு' என்ற பட்டியலில் அவள் பெயர் இல்லை. அவளுடைய மரியாதைதான் அவளைப் பட்டியலுக்கு வெளியே வைத்தது. தொற்று வந்தபிறகு 'பாவம், ஒண்ணும் அறியாதவ' என்று ஒரு வார்த்தை கிடைத்தது. அந்த வார்த்தைக்குள்ளேயே இன்னொரு வகைப் பெண்ணுக்கு 'அவளுக்கு வேண்டியதுதான்' என்பதும் ஒளிந்திருக்கிறது.

*

தடுப்பு மாத்திரை என்றேன். பிரெப் என்று சுருக்கமாகச் சொல்வார்கள். தொற்று இல்லாதவர், வராமல் இருக்க முன்கூட்டியே எடுத்துக்கொள்ளும் மருந்து. டெனோஃபோவிர், எம்ட்ரிசிடபின் என்ற இரண்டு மருந்துகள் சேர்ந்த மாத்திரை, தினமும் ஒன்று. அமெரிக்கா 2012இல் அனுமதித்தது, இந்தியாவில் 2016இல் அனுமதி கிடைத்தது.

இந்த மாத்திரையின் கதையைப் பெண்கள் பக்கத்திலிருந்து படித்தால் வேறுமாதிரி இருக்கும். 2009இல் தென்னாப்பிரிக்கா, உகாண்டா, ஜிம்பாப்வேயில் 5,029 பெண்களை வைத்து வாய்ஸ் என்ற பெரிய ஆய்வு தொடங்கியது. முடிவில் மருந்து வேலை செய்யவில்லை. ரத்தத்தைச் சோதித்தால் காரணம் தெரிந்தது, பெரும்பாலானோர் மருந்தை எடுக்கவே இல்லை. ஆனால் எடுத்தோம் என்று சொல்லியிருந்தார்கள், காலி டப்பாவைத் திருப்பிக் கொடுத்திருந்தார்கள். சிலர் இதைப் 'பொய்' என்று படித்தார்கள். பிறகு அந்தப் பெண்களிடம் உட்கார்ந்து பேசியபோதுதான் விஷயம் புரிந்தது. நோயாளிகள் சாப்பிடுவதும் இதே மருந்துகளைத்தான். டப்பாவைக் கண்டால் 'உனக்கு நோயா?' என்று கேட்பார்கள். இல்லை, தடுப்புக்கு என்றால் 'அப்போ என்மேல சந்தேகமா?' என்பான் கூட இருப்பவன். டப்பாவுக்குள் மாத்திரை குலுங்கும் சத்தமே போதும், காட்டிக்கொடுக்க.

அமெரிக்காவில் வேறு கதை, முடிவு ஒன்றே. அங்கே புதிதாகத் தொற்று கண்டறியப்படும் பெண்களில் ஏறக்குறைய பாதிப் பேர் கறுப்பினப் பெண்கள். ஆனால் பிரெப் விளம்பரங்கள் நெடுங்காலம் ஆண்களை நோக்கியே பேசின. 2019இல் டெஸ்கோவி என்ற இரண்டாவது மாத்திரைக்கு அனுமதி வந்தபோது பெண்களை விட்டுவிட்டுத்தான் வந்தது. காரணம், ஆய்விலேயே அவர்களைச் சேர்க்கவில்லை. மருந்து உண்டு, கடை உண்டு, பல இடங்களில் காப்பீடும் உண்டு. 'இது உனக்கானது' என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை.

பிறகு 2024. கிலியட் நிறுவனத்தின் லெனகாபவிர், ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் ஊசி. தென்னாப்பிரிக்காவிலும் உகாண்டாவிலும் 5,000க்கும் மேற்பட்ட இளம்பெண்கள் அந்த ஆய்வில் பங்கெடுத்தார்கள். ஊசி போட்ட 2,134 பேரில் ஒருவருக்குக்கூடத் தொற்று வரவில்லை. தினசரி மாத்திரை கொடுக்கப்பட்ட இரண்டு குழுக்களில் 16 பேருக்கும் 39 பேருக்கும் வந்தது. அந்தப் பூஜ்ஜியத்தைப் படித்த அன்று நான் ஆபீஸ் வேலையை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். அமெரிக்காவில் இதன் விலை வருடத்துக்கு 28,218 டாலர். ஹைதராபாத்தின் இரண்டு நிறுவனங்கள், டாக்டர் ரெட்டீஸும் ஹெட்டிரோவும், 120 நாடுகளுக்கு 2027இலிருந்து வருடத்துக்குச் சுமார் 40 டாலருக்குத் தருவதாக 2025 செப்டம்பரில் அறிவிப்பு வந்தது. நம் பணத்தில் 3,500 ரூபாய் சொச்சம்.

ஆக, விலைப் பூட்டு திறக்கப்போகிறது. நமக்குப் பழக்கமான கதைதான் இது. 2001இல் சிப்லா, பத்தாயிரம் டாலருக்கு மேல் விற்ற எச்.ஐ.வி. கூட்டு மருந்தை 350 டாலருக்குத் தர முன்வந்தது. 2004இல் அரசு இலவச சிகிச்சையைத் தொடங்கியபோது முதல் எட்டு மையங்களில் தாம்பரமும் ஒன்று. விலையைக் குறைக்க இந்த நாட்டுக்குத் தெரியும். எனக்கு நம்பிக்கை வராத இடம் வேறு.

*

போன வருஷம் தில்லைநகரில் ஒரு மருந்துக்கடையில், பழைய தினசரி மாத்திரை கிடைக்குமா என்று கேட்டேன். கடைக்காரர் கம்ப்யூட்டரில் பார்த்தார். "ஸ்டாக் இல்ல சார். வரவழைச்சுத் தரலாம், டாக்டர் சீட்டு வேணும்." அப்புறம் குரலைத் தாழ்த்தி, "யாருக்கு சார்?"

நல்ல மனிதர். அக்கறையோடுதான் கேட்டார். சும்மா விசாரிக்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். நான் ஆண், அடையாள அட்டை தொங்கும் கழுத்து, எனக்கு அந்தக் கேள்வியால் ஒன்றும் ஆகாது. ஆனால் வண்டியில் காவிரிப் பாலம் ஏறும்போது ஸ்ரீரங்கத்தில் இதே கேள்வியை ஒரு பெண்ணிடம் கேட்டால் என்ன ஆகும் என்று யோசித்தேன். எங்கள் ஊரில் உத்திர வீதியில் தலைவலி மாத்திரை வாங்கினால் சித்திர வீதிக்குள் அது காய்ச்சலாகிவிடும். 'யாருக்கு?' என்றால் அவள் 'எனக்குத்தான்' என்று சொல்ல வேண்டும். அந்தப் பதிலுக்கு இரண்டே அர்த்தம். ஒன்று, அவளுக்கு வேறு ஆண் உண்டு. அல்லது, அவள் கணவனுக்கு வேறு பெண் உண்டு. மூன்றாவதாக ஓர் அர்த்தம் இந்த ஊரில் இல்லை. மருந்து கேட்கும் முன்பு அவள் ஒன்று குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் குற்றம் சாட்ட வேண்டும்.

நான் சொல்லவரும் ஒரே விஷயம் இதுதான். ஒரு மருந்து கிடைக்கிறதா என்பதை விலை, தூரம், இருப்பு என்று அளக்கிறோம். கேட்பதற்கு ஒரு விலை இருக்கிறது, அதை யாரும் அளப்பதில்லை.

அந்த விலை எவ்வளவு என்று தமிழ்நாடு ஒருமுறை வெளிப்படையாகவே காட்டியது. 2005இல் நடிகை குஷ்பு ஒரு பத்திரிகைக் கருத்துக்கணிப்பை ஒட்டிப் பேசும்போது, திருமணத்துக்கு முன் உறவு கொள்ளும் பெண்கள் கர்ப்பத்திலிருந்தும் பால்வினை நோயிலிருந்தும் தங்களைக் காத்துக்கொள்ள வேண்டும் என்றார். தமிழ்ப் பெண்களின் கற்பை இழிவுபடுத்திவிட்டார் என்று இருபதுக்கும் மேற்பட்ட வழக்குகள் பாய்ந்தன. உச்ச நீதிமன்றம் அவற்றை ரத்து செய்ய 2010 ஆகிவிட்டது. காத்துக்கொள்ளுங்கள் என்ற சொல்லே இங்கே அவதூறு. பெரியாரின் 'பெண் ஏன் அடிமையானாள்?' நூலில் முதல் கட்டுரையே கற்பைப் பற்றியது, அந்தச் சொல் பெண்ணுக்கு மட்டும் பொருந்துவதாக ஆனதைப் பற்றியது. அவர் சிலை எங்கள் ராஜகோபுரத்துக்கு எதிரே நிற்கிறது. சிலையைச் சுற்றி நடந்த சண்டையில் காட்டிய சூட்டில் பத்தில் ஒரு பங்கை இரண்டு தரப்பும் அந்தக் கட்டுரையைப் படிப்பதில் காட்டியிருக்கலாம்.

*

சரி, இதற்கு வரும் முதல் ஆட்சேபம் வலுவானது. புருஷன்மேல் நம்பிக்கை உள்ளவள் ஏன் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும்? போட்டுக்கொண்டால் அது நம்பிக்கைக்குத் துரோகம் இல்லையா?

நம்பிக்கை பற்றித் தத்துவவாதி ஆனெட் பேயர் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை 1986இல் வந்தது. ஒருவரை நம்புவது என்றால் நமக்கு வேண்டிய ஒன்றை அவர் கையில் ஒப்படைப்பது, அதைக் கெடுக்கும் வாய்ப்பையும் சேர்த்தே கொடுப்பது என்பது அவர் பார்வை. எனக்கு அதில் முக்கியமாகப் படுவது ஒப்படைப்பது என்ற செயல். ஒப்படைப்பதற்கு முதலில் அது நம் கையில் இருக்க வேண்டும். தன்னைக் காத்துக்கொள்ள எந்த வழியும் இல்லாத பெண், கணவனிடம் எதையும் ஒப்படைக்கவில்லை. அது ஏற்கெனவே அவன் கையில்தான் இருந்தது. வேறு வழியில்லாமல் இருப்பதற்கு நம்பிக்கை என்று பெயர் வைத்தோம், அவ்வளவுதான். வழி ஒன்று கைக்கு வந்தபிறகு, 'எனக்கு இது வேண்டாம், இவரை எனக்குத் தெரியும்' என்று அவள் சொன்னால் அதுதான் நம்பிக்கை. அந்த வாக்கியத்தைச் சொல்லும் வாய்ப்பையாவது நாம் அவளுக்குத் தர வேண்டும்.

தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் எச்.ஐ.வி. சோதனை செய்யும் இடத்துக்கு நம்பிக்கை மையம் என்று பெயர். நல்ல பெயர். ஆனால் பலகையைப் பார்க்கும்போதெல்லாம், வீட்டில் எந்த நம்பிக்கை உடைந்தபிறகு இவர்கள் இங்கே வருகிறார்கள் என்று தோன்றும்.

இரண்டாவது ஆட்சேபம் என் பக்கத்து ஆட்களிடமிருந்தே வருவது. ஆண் செய்வதற்குப் பெண் ஊசி போட்டுக்கொள்வதா? குடும்பக் கட்டுப்பாட்டில் இதே கதைதானே நடந்தது? உண்மை. தமிழ்நாட்டில் மணமான பெண்களில் பாதிக்கும் மேல் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள், ஆண்களின் பங்கு ஒரு சதவீதத்தைக்கூடத் தொடாது. இன்னொரு சுமை, அதே தலைமேல். ஆண்களைச் சோதனைக்கு வரவழைக்கும் வேலையும், தொற்றுள்ளவருக்குச் சிகிச்சை தரும் வேலையும் இதனால் நின்றுவிடக் கூடாது. சிகிச்சை மட்டுமே எவ்வளவு காக்கும் என்பது 2011இல் தெரிந்துவிட்டது. சென்னையும் புனேயும் பங்கெடுத்த ஓர் ஆய்வில், தொற்றுள்ளவர் சீக்கிரம் மருந்தைத் தொடங்கினால் துணைக்குப் பரவுவது 96 சதவீதம் குறைந்தது. ஆனால் இது முழுக்க அவன் சோதனைக்குப் போவதைப் பொறுத்தது. ஆண்கள் மாற வேண்டும் என்பது சரியான கோரிக்கை. அவர்கள் மாறும்வரை அவள் வெறுங்கையோடு இருக்க வேண்டும் என்பது அந்தக் கோரிக்கையிலிருந்து வராது.

மூன்றாவது, கணக்கு. இந்தியாவில் பெரியவர்களில் 0.2 சதவீதம் பேருக்குத்தான் தொற்று. எல்லாப் பெண்களுக்கும் ஊசி என்றால் பணமும் வீண், தேவையில்லாத மருந்தும் உடம்பில். இதை ஒத்துக்கொள்கிறேன். எல்லோருக்கும் ஊசி என்று நான் சொல்லவில்லை. எல்லோருக்கும் தகவல், கேட்பவர்களுக்கு ஊசி, கேட்பவரிடம் காரணம் கேட்காமல் இருப்பது. மருத்துவத்துக்குத் தேவையான கேள்விகள் உண்டு. ஊசிக்கு முன் எச்.ஐ.வி. சோதனை கட்டாயம், வேறு என்ன மருந்து சாப்பிடுகிறாய் என்பதும் கட்டாயம். கணவன் எப்படிப்பட்டவன் என்பது கட்டாயமில்லை.

என் தொழிலில் தினமும் படிவம் செய்கிறோம். ஒரு கட்டத்துக்குப் பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம் போட்டால் அதை நிரப்பாமல் அடுத்த பக்கம் போக முடியாது. நட்சத்திரம் போடுவது ஒரு நொடி வேலை. ஆனால் அந்த இடத்தில் எத்தனை பேர் படிவத்தை மூடிவிட்டுப் போனார்கள் என்பதை எண்ணிப் பார்த்தவனுக்குத் தெரியும், ஒரு நட்சத்திரம் எவ்வளவு பெரிய கதவு என்று. 'காரணம்' என்ற கட்டத்தில் நட்சத்திரம் போட்டு வைத்திருக்கிறோம்.

எல்லோருக்கும் ஒரே மாதிரி கொடுப்பதில் இன்னொரு நன்மையும் உண்டு. 2016இல் வாட்ஸ்அப் எல்லாருடைய உரையாடலுக்கும் முழுப் பூட்டுப் போட்டது. உனக்கு என்ன ரகசியம் என்று யாரையும் கேட்கவில்லை. நாலு பேர் மட்டும் பூட்டினால் பூட்டே சந்தேகத்தைக் கிளப்பும். ஊரே பூட்டினால் பூட்டு எதையும் சொல்லாது. 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை மாத்திரையும் ரத்த அழுத்த மாத்திரையும் வீட்டுக்கே வருகின்றன. கர்ப்பப் பரிசோதனை, குழந்தைக்குத் தடுப்பூசி என்று பெண்கள் சுகாதார நிலையத்துக்கு எத்தனை முறை போகிறார்கள். அங்கே எல்லாப் பெண்களிடமும், ஒருத்தி விடாமல், 'இப்படி ஒரு ஊசி இருக்கு' என்று ஒரே வாக்கியத்தைச் சொன்னால் அது யாரையும் சந்தேகிப்பதாகாது.

*

பிரசவ வார்டில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர் எங்கள் பக்கத்துத் தெருவில் இருக்கிறார். கர்ப்பிணிகள் எல்லாருக்கும் சோதனை இருக்கிறதே, அது போதாதா என்று அவரிடம் கேட்டேன்.

"அது புள்ளைக்காக தம்பி. புள்ளைக்கு வராம தடுக்க. அதுல நெறைய புள்ளைங்க பொழைச்சுது, இல்லேங்கல. ஆனா சோதனைன்னு முதல்ல வர்றது பொண்ணுதானே. ஃபைல்ல முதல்ல அவ பேருதான் ஏறும். முதல்ல பேரு ஏறினவதான் வியாதியக் கொண்டு வந்தவன்னு வீட்ல முடிவு பண்ணிடுவாங்க. புருஷன் அப்புறம்கூட சோதனைக்கு வரமாட்டான்."

குழந்தைக்காக அம்மாவின் ரத்தத்தைப் பார்த்தோம். அம்மாவுக்காக எதையும் வைத்திருக்கவில்லை. முன்பு அதற்கு மருந்தில்லை என்று சொல்ல முடிந்தது.

புது ஊசியைப் பற்றிச் சொன்னேன். முதல் ரெண்டு நாள் மட்டும் மாத்திரையும் உண்டு, பிறகு ஆறு மாதத்துக்கு ஒன்றுமில்லை என்றேன்.

"எங்க போடுவாங்க?"

"வயித்துல, தோலுக்கு அடியில. கொஞ்ச நாள் சின்னதா கட்டி மாதிரி இருக்குமாம்."

கொஞ்சம் யோசித்தார். "ஆறு மாசம்னா ஆடிக்கு ஒண்ணு, தைக்கு ஒண்ணு. ஆடிக்கு அம்மா வீட்டுக்கு அழைச்சிட்டு வருவாங்க. பொங்கலுக்கும் வந்துடுவா. வர்றப்ப போட்டுட்டுப் போயிடலாமே."

ஐ.நா. அறிக்கைகளிலும் ஆய்வுக் கட்டுரைகளிலும் நான் படித்த எல்லாத் திட்டங்களையும்விட இது எனக்குத் தெளிவாகப் பட்டது. அரசு மருத்துவமனையில் எந்தப் பிரிவில் வைத்தால் யார் கண்ணிலும் படாது, எந்தக் கிழமை கூட்டம் இருக்கும், சீட்டில் என்ன பெயர் எழுதினால் மாமியார் படித்தாலும் ஒன்றும் தோன்றாது என்று அவர் பேசிக்கொண்டே போனார். அப்படி வருகிற பெண் யார், எதற்காகப் போட்டுக்கொள்வாள் என்று அவர் கேட்கவே இல்லை.